ஆறாத என்ஜின்

அந்த என்ஜின் ஷெட்டுக்கு வந்து முப்பத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. நெரிடா அதன் மேல் கை வைத்தபோது சூடாக இருந்தது.

கையை எடுத்துக்கொண்டாள். மறுபடியும் வைத்துப் பார்த்தாள். கொதிக்கிற சூடு இல்லை. ஒரு முக்கால் மணி நேரம் ஓட்டிவந்து நிறுத்திய வண்டியின் பானட்டில் கை வைத்தால் இருக்குமே, அந்த அளவு. காலை ஐந்தரை மணி, ஜூலை மாதம், அந்தத் தென்கோடி நாட்டில் நடுக்குளிர்காலம். வெளியே புல்லின் மேல் பனி வெள்ளையாக உறைந்து கிடந்தது. ஷெட்டின் தகரச் சுவர், சிமெண்டுத் தரை, மூலையில் உறுமிக்கொண்டிருந்த பெரிய ஃப்ரீசரின் மூடி எல்லாம் தொட்ட விரலைக் கடித்தன. இரும்புத் தாங்கியில் நின்ற அந்த ஒரு பொருள் மட்டும், குட்டை அடிச்சேற்றின் வாடையோடு, பக்கத்தில் நிற்கிறவளின் வயிற்றுக்கு இதமாக வெப்பம் விட்டுக்கொண்டிருந்தது.

அவள் வந்தது ரொட்டிக்காக. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஆறே முக்காலுக்கு வண்டியை எடுக்க வேண்டும். தினமும் இந்த நேரத்தில் ஃப்ரீசரிலிருந்து ரொட்டி எடுத்துப்போய் மதியத்துக்கு சாண்ட்விச் செய்வாள். வழியில் தடுக்கிவிடாமல் இருக்கத்தான் கையை ஊன்றினாள்.

டிக்.

அவள் அசையாமல் நின்றாள்.

டிக்.

ஓடி நின்ற என்ஜின் ஆறும்போது எழுகிற சத்தம். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். மகன் ரோரி வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்ட சத்தம் அது. எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் அவளுடைய படுக்கையறை ஜன்னலுக்கு வெளியேதான் வண்டியை நிறுத்துவான். கதவு சாத்துவது கேட்கும், சரளைக்கல்லில் காலடி கேட்கும், பின்கதவு கேட்கும், அதற்கப்புறம் இருட்டில் இது மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும், டிக், டிக் என்று, இடைவெளி நீண்டுகொண்டே போகும். அது முழுவதும் நிற்பதற்குள் அவள் தூங்கிப்போவாள்.

ரொட்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கணவன் க்ளென் டோஸ்ட்டுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். விரல் இடுக்குகளில் செம்மண் நிறத்துத் துரு.

“அந்த மோட்டார் சூடா இருக்கு, க்ளென்.”

“ராத்திரி ஹீட்டர் போட்டு வச்சிருந்தேன்.”

ஷெட்டிலிருந்த ஹீட்டர் ஈஸ்டர் சமயத்திலேயே எரிந்துபோயிருந்தது. அவள் உறைந்த ரொட்டித் துண்டுகளைக் கத்தியால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

*

ஷெட்டில் நின்ற கார் க்ளெனின் அப்பா புதிதாக வாங்கியது. 1970ஆம் வருடத்து ஹோல்டன் கிங்ஸ்வுட், பின்னால் நீண்ட ஸ்டேஷன் வேகன். ஆறு சிலிண்டர் என்ஜினுக்குச் சிவப்பு வண்ணம் அடித்திருந்ததால் எல்லாரும் அதைச் சிவப்பு மோட்டார் என்பார்கள். க்ளென் நடக்கப் பழகியதே அந்தக் காரின் கதவைப் பிடித்துக்கொண்டுதான் என்று அவன் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

ரோரிக்குப் பதினேழு வயதானபோது ஒரு பழைய யூட் கிடைத்தது. முன்னால் ஒரே நீள சீட்டு, பின்னால் திறந்த தட்டு, உள்ளே என்ஜின் இல்லை. அப்பாவும் மகனும் ஒரு பள்ளி விடுமுறை முழுக்க ஷெட்டில் கிடந்து, வேகனின் சிவப்பு மோட்டாரைத் தூக்கி யூட்டில் உட்கார வைத்தார்கள். வேகனுக்கு வேறொன்று பார்த்துக்கொள்ளலாம் என்றான் க்ளென். முதல் தடவை கிளப்பியபோது ரோரி சாவியைத் திருப்பினான், க்ளென் என்ஜின் மேல் குனிந்து நின்றான். நெரிடா வாசலில் நின்று, காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு ஆகஸ்ட் மாத வெள்ளிக்கிழமை, இரவுச் சாப்பாடு முடித்து, நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த நண்பன் வீட்டுக்கு ரோரி அந்த யூட்டில் கிளம்பினான். அன்றிரவு மழை கொட்டியது. வட்டாரத்துப் பண்ணைக் குட்டைகள் எல்லாம் ஒரே இரவில் நிரம்பின. அதுதான் கடைசி மழை. ரோரி நண்பன் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

போலீஸ் தேடியது. ஹெலிகாப்டர் பறந்தது. பூலரா ஊரில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் ஒருத்தர் விடாமல் வேலி வேலியாகப் போய்ப் பார்த்தார்கள். ஒரு டயர் தடம்கூட மிஞ்சியிருக்கவில்லை, மழை கழுவிவிட்டது. ரோரி செத்துவிட்டான் என்று யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு எதுவும் கிடைக்கவில்லை. நெரிடா அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லாத வரை அவன் எங்கோ இருக்கிறான். அவனுடைய ஃபோன் இணைப்பை அவள் துண்டிக்கவில்லை. இரண்டு வருடம் ஆகப்போகிறது. அழுகை எப்போதோ நின்றுவிட்டது. பல் மருத்துவர் ஊசி போட்ட தாடை மாதிரி, தொட்டால் அங்கே ஏதோ இருப்பது தெரிந்தது. அவ்வளவுதான்.

க்ளென் வேகனைத் திருத்தக் கிளம்பியது இந்த மார்ச்சில். துருப்பிடித்த தகட்டை வெட்டினான், புதியது ஒட்டினான், வண்ணம் அடித்தான். அவன் ராத்திரியில் தூங்க ஆரம்பித்தான். அதனால் நெரிடாவும் சரி என்றாள்.

மே மாதத்தில் என்ஜின் பேச்சு வந்தது. பழைய கார் சங்கத்தில் க்ளெனுடைய கூட்டாளி பார்னி. பெரிய வயிறு, சின்னக் கண். பீர் டின்னோடு வந்து காலி என்ஜின் குழிக்குள் எட்டிப் பார்த்தான்.

“எங்கிட்ட எட்டு சிலிண்டர் மோட்டார், ஒரு வி-எட்டு, சும்மா கெடக்குடா. ஓசிக்கே தர்றேன். ஆறு சிலிண்டர வச்சிக்கிட்டு நீ மேடு ஏறுனா ஆடு நடந்து வந்து ஒன்ன முந்தும்.”

“ஒன் வி-எட்டு குடிக்கிற பெட்ரோலுக்கு ஆட்ட வித்துட்டுதான் வரணும்.”

“ஆடா? வத்துன வருஷத்துல ஒங்கிட்ட மிச்சம் இருக்கிறது மூணு. அதுல ஒண்ணுக்குப் பல்லு இல்ல.”

நெரிடாவுக்கே சிரிப்பு வந்தது. அடிலெய்டில் ஒரு கடைக்காரர் இதே மாதிரி சிவப்பு மோட்டாரைப் புதுப்பித்து, ஒரு வருட உத்தரவாதத்தோடு தருகிறார் என்று அவள் சொன்னாள். பார்னியும் ஒத்துக்கொண்டான். நொறுங்கிய புது வண்டியின் என்ஜினைப் போட்டால் இன்னும் மலிவு, ஆனால் சங்கத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்றான்.

க்ளென் துணியில் கை துடைத்தான். “அது மூணுமே இந்த வண்டியோடது இல்ல. நம்பர் பொருந்தணும்.”

பழைய வண்டிக்காரர்களுக்கு அது ஒரு மதம். கார் பிறந்த அன்று அதன் என்ஜினில் அடித்த எண் எதுவோ, அந்த எண்ணுள்ள என்ஜின்தான் அதற்குள் இருக்க வேண்டும். வேறு எதைப் போட்டாலும் ஓடும், ஆனால் அது அந்தக் கார் இல்லை. க்ளென் அந்த எண்ணைத் தன் பிறந்த நாள் மாதிரி மனப்பாடமாகச் சொல்வான். கேட்டுக் கேட்டு நெரிடாவுக்கும் பாடம்.

“பொருந்துற மோட்டார் எங்க இருக்குன்னு...” என்று தொடங்கிய பார்னி, நெரிடாவைப் பார்த்தான். மீதியை பீரோடு சேர்த்து விழுங்கினான்.

“வரும்,” என்றான் க்ளென்.

அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு மேசையில் ஒரு கேள்வி கேட்டான். லாங்மயர் பண்ணைக் குட்டையில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது? லாங்மயர் குடும்பம் போன வறட்சியிலேயே பண்ணையைப் போட்டுவிட்டுப் போய்விட்டது. பேருந்து போகிற பாதையிலிருந்து பார்த்தால் மேட்டுக்கு அப்பால் அந்தக் குட்டையின் கரை மட்டும் தெரியும். கரை தெரியுது, தண்ணி தெரியல, என்பாள் நெரிடா. அவன் தலையை ஆட்டிக்கொள்வான்.

*

என்ஜின் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ட்ரெய்லரில், தார்ப்பாய்க்கு அடியில் வந்தது.

“எங்க கெடச்சுது?”

“வடக்க ஒருத்தர்கிட்ட.”

துருவில் சிவப்பு எது, வண்ணம் எது என்று தெரியவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் காய்ந்த சேறு அப்பியிருந்தது. தண்ணீர்க் குழாயின் வாயில் சின்னச் சின்ன நத்தை ஓடுகள். ஒரு ஆள் உயர இரும்புக் கம்பியை மாட்டி, க்ளெனும் அவளும் சேர்ந்து தொங்கிப் பார்த்தார்கள். உள்ளே எதுவும் மயிரிழைகூட நகரவில்லை. இறுகிப்போயிருந்தது.

எண் அடித்த இடத்தில் தடிமனாக கிரீஸ் பூசியிருந்தது. அந்த இடத்தில் மட்டும். அவள் பார்த்தாள். ஒரு துணி எடுத்துத் துடைத்தால் போதும், ஒரு விநாடி வேலை. கை கழுவ உள்ளே போனாள்.

திங்கட்கிழமை காலை அது சூடாக இருந்தது.

செவ்வாய்க்கிழமையும்.

என்ஜினின் முன்முகத்தில் ஒரு கனமான உருளை. அதன் விளிம்பில் ஒரு வெட்டுக்கோடு. பக்கத்தில் அசையாத ஒரு முள். உருளை சுற்றிவந்து கோடு முள்ளுக்கு நேராக நிற்கும்போது முதல் சிலிண்டர் வெடிக்கத் தயார் என்று அர்த்தம். ரோரிக்கு க்ளென் சொல்லிக்கொடுத்தபோது காதில் விழுந்தது. சனிக்கிழமை அந்தக் கோடு முள்ளிலிருந்து இரண்டு சாண் கீழே இருந்தது. கம்பியில் தொங்கியபோது அவள் முகத்துக்கு நேராக இருந்ததால் நினைவிருந்தது.

இப்போது அவ்வளவு கீழே இல்லை.

தரையில் பாண்டிக் கட்டம் போடுகிற தடித்த சாக்பீஸ் ஒன்றைப் பேருந்தில் எந்தக் குழந்தையோ விட்டுப்போயிருந்தது. அதை எடுத்துவந்து கோட்டுக்கு நேரே தாங்கியில் ஒரு வெள்ளைக் கீறல் போட்டாள். புதன்கிழமை காலை கோடு கீறலிலிருந்து கட்டைவிரல் அகலம் மேலே போயிருந்தது. இன்னொரு கீறல் போட்டாள். வியாழக்கிழமை இன்னொரு கட்டைவிரல். அந்த இரும்புக் கம்பியை எடுத்து, ஒருவேளை இளகிவிட்டதோ என்று தானே மாட்டி அழுத்திப் பார்த்தாள். கால்கள் தரையை விட்டு எழும்பும் வரை அழுத்தினாள். அசையவில்லை.

யார் திருப்புகிறார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைத்தான் பார்த்தாள். முள்ளைப் பார்த்து. ஓடும் திசையில்.

வெள்ளிக்கிழமை பேருந்தில், முன் சீட்டிலிருந்த சிறுமி ட்ரூடி எழுந்து நின்றாள்.

“நெரிடா, லாங்மயர் கேட்டத் தெறந்து போட்டது யாரு? எங்கப்பா பாத்தார்னா ஒதப்பாரு.”

கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போக வேண்டும் என்பது அந்தப் பக்கத்தில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். நெரிடா வண்டியை நிறுத்தி இறங்கினாள். கேட்டைத் தாண்டி, புழுதியில் ஒரு ட்ரெய்லரின் தடம் மேட்டின் மேல் ஏறிப் போனது. ஒரு தடவை இல்லை, பல தடவை. போன தடம், வந்த தடம். மேட்டுக்கு அப்பால் ஒரு காக்கைக் கூட்டம் எழும்பி எழும்பி உட்கார்ந்தது.

ஐம்பது அடி நடந்தால் மேடு. அவள் கேட்டைச் சாத்தி, சங்கிலியைக் கொக்கியில் மாட்டினாள்.

“யாரு?” என்றாள் ட்ரூடி.

“காத்து,” என்றாள் நெரிடா.

*

க்ளென் என்ஜினைத் திறந்து பார்த்தான். சங்கத்து வழக்கப்படி பார்னியைக் கூப்பிட்டான். உள்ளே துரு இல்லை. சிலிண்டர்களின் சுவர் கண்ணாடி மாதிரி பளபளத்தது. வழிந்த எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தது.

பார்னி சிலிண்டர் சுவரை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு, “இது தண்ணிக்குள்ள கெடந்த மோட்டார்னு வெளிய சொல்லுது. உள்ள பாத்தா நேத்து ஓடுன மாதிரி இருக்கு,” என்றான்.

“நல்ல மோட்டார்டா. அந்தக் காலத்து இரும்பு.”

“இரும்புன்னா துருப்பிடிக்கும் க்ளென். அதான் இரும்பு.”

க்ளென் கேஸ்கெட் எடுக்க அலமாரிப் பக்கம் போனான். பார்னி தன் சட்டைக் கையால் எண்ணின் மேலிருந்த கிரீஸைத் துடைத்தான். குனிந்து பார்த்தான். அப்படியே குனிந்து இருந்தான். நிமிர்ந்தபோது அவன் கழுத்து வெளுத்திருந்தது. பாதி பீர் இருந்த டின்னை ஃப்ரீசரின் மேல் வைத்துவிட்டு வெளியே போனான். பார்னி பாதி பீரை வைத்துவிட்டுப் போய் அவள் பார்த்ததில்லை.

காருக்குப் பக்கத்தில் அவளுக்காகக் காத்திருந்தான்.

“நெரி. அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு அவன்கிட்ட கேளு.”

“கேக்கறேன்.”

“நீ கேட்டாதான் சொல்லுவான். நான் கேட்டா அடிப்பான்.”

“கேக்கறேன் பார்னி.”

“ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அதுக்கப்பறம் நான் போலீஸ்கிட்ட போறத தவிர வேற வழியில்லம்மா.” கதவில் கை வைத்தபடி நின்றான். “ஒனக்குத் தெரியும்தானே? அது என்ன நம்பர்னு?”

“எனக்கு பஸ் கழுவணும்,” என்றாள் நெரிடா.

அன்றிரவு க்ளெனுக்கு எதிரே உட்கார்ந்து ஆட்டிறைச்சிச் சாப்ஸை வெட்டினாள். கேள்வி நாக்கின் மேலேயே இருந்தது. ஆறு வார்த்தைகூட இல்லை. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் ரோரி எங்கோ இருப்பது நின்றுவிடும். உருளைக்கிழங்கு வேண்டுமா என்று கேட்டாள். க்ளென் வேண்டும் என்றான்.

அந்த வாரத்தில் பாகங்கள் வந்தன. கடையில் வாங்கியவை பெட்டியோடு, ரசீதோடு வந்தன: கார்புரேட்டர், தண்ணீர்ப் பம்பு, பிளக்குகள். மற்றவை தார்ப்பாய்க்கு அடியில் வந்தன. பின்விளக்கு. ஸ்டியரிங். சாவித் துவாரத்தோடு கூடிய பூட்டு. கியர் தடி. கியர் தடியின் தலையில் கிரிக்கெட் மட்டையின் ரப்பர் உறையை வெட்டிச் சுற்றியிருந்தது. அந்த உறையை வெட்டச் சமையலறைக் கத்தரியை எடுத்ததற்காக அவள் ஒருவனைத் திட்டியிருக்கிறாள்.

“இதெல்லாம் அதே ஆள்கிட்டதானா?”

“ஆமா. நல்லா வச்சிருந்திருக்கான்.”

அவள் டீ போடப் போனாள். கெட்டில் கொதித்து, தானே அணைந்து, ஆறியது. அவள் அங்கேயே நின்றிருந்தாள்.

வியாழக்கிழமை சங்கிலிக் கப்பி கட்டி என்ஜினைக் காருக்குள் இறக்கினான். தாங்கி காலியானது, அதிலிருந்த வெள்ளைக் கீறல்களும் பயனற்றுப்போயின. அவள் பானட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். கோட்டுக்கும் முள்ளுக்கும் நடுவே மூன்று விரல்.

வெள்ளி. இரண்டு விரல்.

சனிக்கிழமை முழுவதும் க்ளென் வீட்டில் இல்லை. இருட்டுவதற்குள் வந்தான். ட்ரெய்லரை ஷெட்டின் கதவோடு ஒட்டி நிறுத்தினான். உதவிக்கு வரட்டுமா என்று அவள் ஜன்னலிலிருந்து கேட்டாள். வேண்டாம், கனமில்லை, என்றான். சொல்லும்போது அவன் குரலில் ஏதோ வியப்பு இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ரொட்டி எடுக்கப் போகவில்லை. மதியமும் போகவில்லை.

நாலே முக்காலுக்கு பார்னியிடமிருந்து செய்தி வந்தது. ‘ஆறு மணிக்கு வர்றேன். சார்ஜெண்டும் வர்றாரு. மன்னிச்சிக்கோ.’ ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் செம்மறியின் அழுக்கு நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

“நெரி,” என்று ஷெட்டிலிருந்து குரல் வந்தது. “வாயேன். சாவி திருப்ப ஆள் வேணும்.”

முதல் தடவை கிளப்பும்போது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சாவியில், ஒருவர் என்ஜின் மேல். அது அவளுக்குத் தெரியும்.

போனாள்.

வேகன் அழகாக இருந்தது. பழுப்பு வெள்ளை வண்ணத்தில், ட்யூப்லைட்டின் கீழே, அவள் கல்யாணத்தன்று ஏறிப்போன அதே கார். பானட் திறந்து நின்றது. அதற்குப் பின்னால் க்ளெனின் தலைமயிர் மட்டும் தெரிந்தது. சேற்று வாடை பெட்ரோல் வாடையை மூடியிருந்தது. இடது பக்கக் கதவு திறந்திருந்தது.

முன் சீட்டில், ஓட்டுநர் பக்கம், சாம்பல் நிறக் கம்பளிப் போர்வை. கூரைக்கு அருகிலிருந்து கால்வைக்கும் இடம் வரை மூடியிருந்தது. மேடாக இருந்தது.

“அந்தப் பக்கம் சீட்டு வேலை முடியல,” என்றான் க்ளென், பானட்டுக்குப் பின்னாலிருந்து. “நீ இந்தப் பக்கம் ஏறிக்கோ. எட்டித் திருப்பு.”

ஏறி உட்கார்ந்தாள். சீட்டின் உறை சில்லென்று இருக்கும் என்று எதிர்பார்த்தாள். இல்லை. கதகதப்பாக இருந்தது. அந்தக் கதகதப்பு வலப்பக்கத்திலிருந்து வந்தது.

கண்ணாடிக்கு அப்பால் பானட்டின் உள்பக்கம் மட்டுமே தெரிந்தது. க்ளென் தெரியவில்லை. குரல் மட்டும்.

“ரெடியா?”

“கோடு எங்க இருக்கு, க்ளென்?”

ஒரு ஸ்பேனரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. “முள்ளுக்கு நேரா. நான் திருப்பல. வந்து பாத்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு.” பிறகு மெதுவாக, “நீ போட்ட சாக்பீஸ் கீறலப் பாத்தேன்,” என்றான்.

சாவி பூட்டில் இருந்தது. ஸ்டியரிங்குக்கு அந்தப் பக்கம். எட்டினாள். எட்டவில்லை. முழங்கையைப் போர்வையின் மேல் ஊன்ற வேண்டியிருந்தது.

கெட்டியாக இருந்தது.

சுருட்டிய பஞ்சு மெத்தை. அப்படி நினைத்துக்கொண்டாள். அது பஞ்சு மெத்தை.

பிறகு கெட்டியாக இல்லாத இடம் ஒன்று.

சாவியில் ஒரு பித்தளைத் தகடு தொங்கியது. கால்பந்துக் குழுவின் தகடு. பதினான்கு. அவள்தான் சட்டையில் அந்த எண்ணைத் தைத்தாள்.

திருப்பினாள்.

தயங்கவில்லை. இருமவில்லை. ஒரே சுற்று. சிவப்பு மோட்டார் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம். ஜன்னலுக்கு வெளியே கேட்ட அதே சத்தம், அதே கரகரப்பு, மூன்றாவது சிலிண்டரில் அதே சின்னத் தடுமாற்றம். ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. ஃப்ரீசரின் மேலிருந்த பீர் டின் நகர்ந்து விழுந்தது. கார் நடுங்கியது. சீட்டு நடுங்கியது. போர்வை நடுங்கியது.

நழுவியது.

ஒரு கை அகலம். அவ்வளவுதான்.

சீட் பெல்ட். காய்ந்த சேறு படிந்த பட்டை, குறுக்கே, இறுக்கமாக. பட்டைக்கு அடியில் நீலக் கட்டம் போட்ட துணி. ஃபிளானல். அந்த வெள்ளிக்கிழமை போட்டுப் போன சட்டை.

அவள் அதற்கு மேல் பார்க்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தாள்.

அமைதி.

டிக்.

பானட்டுக்கு அடியிலிருந்து.

டிக்.

அவள் முழங்கைக்கு அடியில் பட்டை இறுகியது. அந்தக் காலத்துப் பெல்ட், தானாக இறுகாது. இறுகியது. மெல்லத் தளர்ந்தது. மறுபடி இறுகியது.

“க்ளென்.” அவளுடைய குரல் சாதாரணமாக இருந்தது. உருளைக்கிழங்கு வேண்டுமா என்று கேட்ட குரல். “இந்த மோட்டார் எங்கேர்ந்து வந்துச்சு?”

அவன் பானட்டைச் சுற்றிக்கொண்டு வந்தான். துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தபடி வந்து, திறந்த கதவில் சாய்ந்தான். முகத்தில் எதுவும் இல்லை. நல்ல வேலை ஒன்றை முடித்தவனின் களைப்பு மட்டும் இருந்தது. வெளியே, தூரத்தில், இரண்டு வண்டிகள் சாலையிலிருந்து சரளைக்கல்லுக்குத் திரும்பின.

“லாங்மயர் குட்டையில,” என்றான். “பெல்ட்டு பக்கிள் கழலவே இல்ல, நெரி. அறுக்க மனசு வரல. அதான் போல்ட்ட எல்லாம் கழட்டி, சீட்டோடவே அவனக் கூட்டிட்டு வந்துட்டேன்.”